இரு கடமைகளின் நடுவே

நுழையும்முன்

ஒரு கடமை மட்டும் நம்மை அழைக்கும்போது வழி தெளிவாக இருக்கும். இரண்டு கடமைகள் ஒரே வேளையில் அழைத்தால் எதனை ஏற்பது? எதனை விடுவது? இரண்டும் அறமாக இருக்கும் நிலையில் ஒன்றை விடுவதும் பிழையாகத் தோன்றும். இதிகாசங்களிலும் காப்பியங்களிலும் இத்தகைய இக்கட்டில் மிகுதியாக நிறுத்தப்பட்டவர்கள் பெண்கள். மனைவி என்னும் கடமை ஒருபுறமும் தாய் என்னும் கடமை மறுபுறமும் இழுக்க, அவர்கள் எவ்வாறு முடிவெடுத்தனர் என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

கொல்லியும் பாவையும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்பது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை இன்று மலைமேல் ஏறுகிறது. பலாவும் தேனும் மலிந்த வளமலையாக இதனைச் சங்கப் புலவர்கள் பாடினர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவன் பெயரால் விழாவும் நடைபெறுகிறது.

ஓரியின் புகழுக்கு இணையாகச் சங்க இலக்கியத்தில் பேசப்படுவது கொல்லிப்பாவை. தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகக் கருதப்பட்ட அழகிய பெண்ணுரு அது. காற்று மோதினாலும், கடுமழை பொழிந்தாலும், இடி வீழ்ந்தாலும், நிலமே நடுங்கினாலும் அப்பாவை தன் வடிவம் மாறாது என்னும் கருத்தை நற்றிணையின் 201ஆம் பாடல் எடுத்துரைக்கிறது. தலைவியின் அழகுக்கும் அவள் தலைவன் நெஞ்சைவிட்டு நீங்காமைக்கும் இப்பாவை உவமையாயிற்று. மலைமக்கள் இன்று வழிபடும் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையோடு தொடர்புபடுத்துவதும் உண்டு.

மாறாத பாவை உவமைக்கு ஏற்றது. ஆனால், அப்பாவை யாருக்கும் மனைவியன்று, யாருக்கும் தாயன்று. பசித்து அழும் குழந்தையோ, நோயுற்ற கணவனோ அதற்கு இல்லை. ஆகவே மாறாது நிற்றல் அதற்கு இயலும். உயிருள்ள பெண்ணின் நிலை வேறு. அவளைச் சுற்றி உறவுகள் உள்ளன. ஒவ்வோர் உறவும் ஒரு கடமையைக் கொண்டுவருகிறது. அக்கடமைகள் எப்போதும் ஒன்றோடொன்று இசைந்து போவதில்லை.

போரும் முதுகுடிப் பெண்டிரும்

கொல்லியின் வளமே அம்மலைக்குப் போரைக் கொணர்ந்தது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாடல் குறிப்பிடுகிறது. பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை இக்கொல்லிக் கூற்றத்தில் அதியமானோடும் இருபெரு வேந்தரோடும் பொருது வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. வென்றவனையும் வீழ்ந்தவனையும் புலவர்கள் பாடினர். வீழ்ந்தவனின் வீட்டில் இருந்தவளையும் சில புலவர்கள் பார்த்தனர்.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றின் 279ஆம் பாடல் அத்தகையது. கொல்லிப் போர்களைப் பற்றிய பாடல் அன்று அது. எனினும் அக்காலப் போர்கள் ஒரு பெண்ணின் வாழ்வில் நிகழ்த்தியது யாது என்பதை அதுபோல் உணர்த்தும் பாடல்கள் சிலவே. முன்னொரு நாள் நடந்த போரில், அவள் பிறந்த வீட்டு ஆண்மகன் யானையை எறிந்து களத்தில் வீழ்ந்தான். அடுத்து வந்த போரில் ஆநிரைகளைக் காக்கப் பொருது கணவன் மாண்டான். மீண்டும் போர்ப்பறை ஒலிக்கிறது. அவள் வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன், அவனும் சிறுவன். அவனுக்கு வெண்ணிற ஆடை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களம் நோக்கி அனுப்புகிறாள்.

வாகைத் திணையில் மூதின்முல்லை என்னும் துறையில் அமைந்த இப்பாடல், மறக்குடிப் பெண்ணின் வீரத்தைப் போற்றுகிறது. அதே பாடல் அவளுடைய துணிவைக் கண்டு நடுங்கவும் செய்கிறது. மறக்குடிக்கு மனைவியாக வந்தவளின் கடமை, மகனை அனுப்பச் சொல்கிறது. தாயின் கடமை, அவனைக் காக்கச் சொல்லும். அவள் தலைவாரி எண்ணெய் தடவும் செயலில் தாய் நிற்கிறாள். வேல் கொடுக்கும் செயலில் குடிப்பெண் நிற்கிறாள். இரண்டு செயல்களும் ஒரே கைகளால் நிகழ்கின்றன.

தெரிந்து தெளிவோம்

மூதின்முல்லை: 'மூதில்' என்பது பழைமையான மறக்குடியைக் குறிக்கும். அக்குடியில் ஆடவர்க்கு மட்டுமன்றிப் பெண்டிர்க்கும் உள்ள மறப்பண்பை மிகுத்துக் கூறுவது மூதின்முல்லைத் துறையாகும்.

அயோத்தியில் மூன்று அன்னையர்

இராமகாதையில் இராமன் காடேகும் நாள், மூன்று தாயரைச் சோதிக்கும் நாளாகவும் அமைகிறது.

கைகேயி தன் மகன் பரதனுக்கு அரசு வேண்டுமென்று கணவனிடம் வரம் கேட்டாள். தாயின் உரிமையை முன்னிறுத்தி மனைவியின் கடமையைப் பின்தள்ளினாள். ஆனால், அரசைப் பரதன் கேட்கவில்லை. அது அவனுக்குத் தேவையாகவும் இல்லை. எவனுக்காகக் கேட்டாளோ அவனே அவ்வரத்தை ஏற்க மறுத்தான். மகனின் தேவையைத் தாயின் விருப்பத்திலிருந்து பிரித்தறியாமையே அவள் பிழை.

கோசலையின் நிலை வேறு. கன்றைப் பின்தொடரும் பசுவைப்போல மகனைப் பின்தொடர்ந்து காடு செல்ல அவள் விழைந்ததாக வான்மீகி காட்டுகிறார். கம்பரின் கோசலையும் தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு மகனிடம் வேண்டுகிறாள். மகனைப் பிரிந்து துயர்க்கடலில் ஆழ்ந்திருக்கும் மன்னனைத் தேற்றாமல் தன்னோடு வரத் துணிவது அறமாகுமா என்று இராமன் வினவுகிறான். கோசலை நிற்கிறாள். தயரதன் உயிர் பிரிந்தபோது அரண்மனையில் அவனுக்குத் துணையாயிருந்தவர்கள் அவளும் சுமித்திரையுமே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகனைவிடக் கணவனே உயர்ந்தவன் என்பதால் மட்டும் கோசலை அயோத்தியில் தங்கவில்லை. இராமனுடன் சீதையும் இலக்குவனும் செல்கின்றனர். அரசனோ கைகேயியின் செயலால் உடைந்துபோயிருக்கிறான். அந்த நாளில் யாருக்குத் துணை மிகவும் தேவைப்பட்டதோ அவர் பக்கம் அவள் நின்றாள்.

சுமித்திரை மகனைத் தடுக்கவே இல்லை. இராமனை அரசனாகவும் சீதையைத் தாயாகவும் கருதுமாறு இலக்குவனைப் பணிக்கிறாள். தம்பியாக அன்றி ஏவலனாகச் செல்லுமாறும், இராமன் திரும்பினால் உடன் திரும்புமாறும், இல்லையேல் அவனுக்கு முன்பே உயிர்விடுமாறும் கம்பரின் சுமித்திரை கூறுகிறாள். சுமித்திரையின் உறுதி ஒக்கூர் மாசாத்தியார் காட்டிய தாயை நினைவூட்டுகிறது.

குந்தியும் மாத்திரியும்

மனைவி, தாய் என்னும் இரு கடமைகளும் வெளிப்படையாக வழக்காடும் இடம் மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உள்ளது. பாண்டு காட்டில் இறக்கிறான். மனைவியர் இருவர், பிள்ளைகள் ஐவர். மூத்த மனைவி என்னும் முறையில் கணவனோடு செல்லும் உரிமை தனக்கே உண்டு என்கிறாள் குந்தி. பிள்ளைகளை வளர்க்குமாறு மாத்திரியிடம் கூறுகிறாள். மாத்திரி மறுக்கிறாள். அவள் கூறும் காரணங்களுள் ஒன்று எண்ணத்தக்கது. குந்தியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளுக்கு இணையாக வளர்க்கத் தன்னால் இயலாது என்கிறாள். தன் மனத்தின் எல்லையை அவள் மறைக்கவில்லை. நகுலனையும் சகாதேவனையும் குந்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவனின் சிதையில் ஏறுகிறாள்.

மாத்திரியின் முடிவைப் பழங்காலம் போற்றியது. இன்று நாம் அதனை அவ்வாறு போற்ற இயலாது. கணவன் இறந்தபின் மனைவியின் உயிர் வாழும் உரிமை முடிந்துவிடுகிறது என்னும் எண்ணமே பிழையானது. இராசாராம் மோகன்ராய் முதலியோரின் முயற்சியால் 1829ஆம் ஆண்டு வங்காளத்தில் உடன்கட்டை ஏறுதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சுதந்திர இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்டம், அவ்வழக்கத்தைப் புகழ்ந்து போற்றுவதையும் குற்றமாக்கியது.

வாழ்வதைத் தேர்ந்த குந்தியின் கடமை, சாவைத் தேர்ந்தவளின் கடமையைவிட எளியதாக இருக்கவில்லை. ஐந்து சிறுவர்களோடு அத்தினாபுரம் வந்தாள். அரக்கு மாளிகையிலிருந்து தப்பினாள். மாற்றாளின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளிலிருந்து வேறாகக் கருதாமல் வளர்த்தாள். மாத்திரி தன்னால் முடியாது என்று கூறியதைக் குந்தி செய்து காட்டினாள்.

ஆயினும் அவளிடமும் ஒரு கடன் தீராமல் நின்றது. மணத்திற்கு முன் பிறந்த கன்னனை ஆற்றில் விட்டவள் அவள். மருமகளாகப் புகுந்த குலத்தின் பெயர் காக்க அவள் காத்த மௌனம், தலைமகனைப் பகைவர் அணியில் நிறுத்தியது. போர் நெருங்கும் வேளையில் கன்னனைச் சந்தித்து உண்மையை உரைக்கிறாள். அருச்சுனனைத் தவிர்த்த நால்வரைக் கொல்வதில்லை என்றும், எந்நிலையிலும் அவளுக்கு மைந்தர் ஐவர் இருப்பர் என்றும் அவன் உறுதியளிக்கிறான். ஐவரைக் காக்கச் சென்ற தாய், ஆறாம் மகனை இழக்கும் உறுதிமொழியோடு திரும்புகிறாள்.

குந்தியின் இறுதி முடிவு இன்னும் வியப்பளிப்பது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களில், போர் முடிந்த நிலையோடு நிறைவுறுவதால் அந்நிகழ்ச்சியை வியாசர் நூலிலேயே காண இயலும். போருக்குப் பல ஆண்டுகளுக்குப்பின், பார்வையற்ற திருதராட்டிரனும் கண்களைக் கட்டிய காந்தாரியும் காட்டுக்குப் புறப்படுகின்றனர். மைந்தர் மன்றாடியும் கேளாமல் குந்தி அவர்களோடு செல்கிறாள். பிரிந்து செல்வதாயின் அன்று எங்களை ஏன் போருக்குத் தூண்டினாய் என்று அவர்கள் வினவுகின்றனர். பாண்டுவின் வழி அழியாதிருக்கவே தூண்டியதாகவும், அரச இன்பத்தைத் தான் விரும்பவில்லை என்றும் அவள் விடையிறுக்கிறாள். மைந்தர் சிறுவராக இருந்தபோது அவர்களுக்காக வாழ்ந்தவள், அவர்கள் அரசராகிவிட்டபின் துணையற்ற முதியோருக்காக நடந்தாள்.

காந்தாரியின் கண்கட்டு

கணவனுக்குப் பார்வை இல்லை என்றறிந்து தன் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டவள் காந்தாரி. மனைவியின் கடமைக்கு இதனை எல்லையாகக் கூறுவர். ஆனால், கணவனுக்காகக் கட்டிய அத்துணி, பிள்ளைகளின் முகத்தையும் அவளிடமிருந்து மறைத்தது. ஒரு கடமையை முழுமையாக ஏற்பது மற்றொன்றை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இக்கண்கட்டு நல்ல சான்று.

எனினும் கண்களைக் கட்டியவள் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை. குலத்தைக் காக்கத் துரியோதனனைக் கைவிடுமாறு கணவனிடம் எடுத்துரைக்கிறாள். பின்னர் அவைக்கு அழைக்கப்பட்டபோது, மகனுக்கு அறிவுரை கூறுகிறாள். அவனுக்கு இடம்கொடுத்த கணவனையும் கடிந்துரைக்கிறாள். போர் நாள்களில் மகன் வெற்றி வேண்டி வாழ்த்துக் கேட்டபோது, அறம் நிற்கும் பக்கமே வெற்றி நிற்கும் என்பதற்கு மேல் அவள் எதுவும் கூறவில்லை. தாய்மையையும் மனைவிமையையும் கடந்து அறத்தின் பக்கம் நின்ற குரல் அது. அதே காந்தாரி, போர் முடிந்தபின் களத்தில் நூறு மைந்தரையும் இழந்து அழுகிறாள், கண்ணனைச் சபிக்கிறாள். சரியான முடிவு எடுத்தவர்க்குத் துயரம் வாராது என்று வியாசர் எங்கும் கூறவில்லை.

வாழ்ந்த தாயர்

கிட்கிந்தையில் வாலி வீழ்ந்தபோது, நூறு அங்கதர்களைவிட இறந்த கணவனைத் தழுவியிருத்தலே தனக்கு மேலானது என்று தாரை கூறியதாக வான்மீகி காட்டுகிறார். அங்கதனின் எதிர்காலத்தை எண்ணுமாறு அனுமன் அவளைத் தேற்றுகிறான். தாரை வாழ்கிறாள். கம்பரின் காப்பியத்தில் சினத்தோடு வரும் இலக்குவன் முன் மங்கல அணிகளின்றி அவள் வந்து நிற்க, தன் தாயரை நினைந்து அவன் கண்ணீர் உகுக்கிறான். சுக்கிரீவனின் அரசைக் காத்தது உயிரோடிருந்த அந்தத் தாயின் அறிவாற்றல்.

திரௌபதியின் வாழ்வில் இம்முரண் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. கணவரோடு அவள் காடு சென்றாள். ஐந்து பிள்ளைகளோ பாஞ்சாலத்திலும் துவாரகையிலும் வளர்ந்தனர். அவர்களோடு வாழும் காலம் வரும் என்று காத்திருந்தாள். போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் அவ்வைவரையும் பாசறையில் கொன்றான். வியாசர் நூலில் அவள் அவனைத் தண்டிக்க வேண்டி உண்ணாநோன்பு இருக்கிறாள். பாகவதமோ வேறொரு காட்சியைத் தருகிறது. அருச்சுனன் அவனைக் கட்டி இழுத்து வந்தபோது, விட்டுவிடுமாறு அவள் கூறுகிறாள். அவன் தாய் கிருபி, துரோணர் இறந்தபின்னும் மகன் இருப்பதால் கணவனைத் தொடராமல் உயிர் வாழ்கிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல் அவளும் அழலாகாது என்கிறாள். மகனுக்காக வாழும் ஒருத்தியின் துயரை, மைந்தரை இழந்த மற்றொருத்தி உணர்ந்த இடம் இது.

மாதவியின் துணிவு

தமிழ்க் காப்பியங்களில் இவ்விக்கட்டை எதிர்கொண்டவள் மாதவி. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுத் துறவு பூண்ட அவளிடம், மணிமேகலையை இந்திர விழாவில் ஆட அழைத்துவருமாறு சித்திராபதி சொல்லியனுப்புகிறாள். குலத்தொழிலைத் தொடர்வதே மகளின் கடமை என்பது சித்திராபதியின் வாதம். மாதவி மறுக்கிறாள். மணிமேகலை மாபத்தினியாகிய கண்ணகியின் மகள் என்று உரிமை கூறுகிறாள். தான் பெற்ற மகளைத் தன் கணவனின் மனைவிக்கு மகளாக்கியதன் வாயிலாக, அவளைக் குலத்தொழிலின் பிடியிலிருந்து விடுவிக்கிறாள். இங்கு மனைவியின் கடமையும் தாயின் கடமையும் மோதாமல் ஒன்றுசேர்கின்றன.

எடை காணும் கோல்

இதுவரை கண்ட பெண்கள் ஒரே முடிவை எடுக்கவில்லை. கோசலை கணவனோடு நின்றாள். குந்தி மைந்தருக்காக வாழ்ந்து, பின் அவர்களைப் பிரிந்தாள். காந்தாரி மகனுக்கு எதிராகப் பேசினாள். மனைவியின் கடமை பெரிதா, தாயின் கடமை பெரிதா என்னும் வினாவுக்கு இதிகாசங்கள் ஒற்றை விடை தரவில்லை. ஆயினும் அவர்களுடைய முடிவுகளில் பலவற்றை ஒரே அளவுகோலால் விளங்கிக்கொள்ள இயலும். அப்பொழுதில் யார் துணையற்று நிற்கிறார் என்பதே அக்கோல். உறவின் பெயரைவிட உற்றவரின் தேவை பெரிதாக எண்ணப்பட்டது. தேவையை மறந்து விருப்பத்தை எடைபோட்ட கைகேயி மட்டும் தோற்றாள்.

மற்றொன்றையும் நாம் கேட்க வேண்டும். இவ்விக்கட்டு பெண்ணுக்கே உரியதாக ஏன் ஆயிற்று? புறநானூற்றின் 222ஆம் பாடல் இங்கு நினைக்கத்தக்கது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன்னோடு உயிர்விட வந்த நண்பர் பொத்தியாரிடம், மகன் பிறந்தபின் வருமாறு கூறித் திருப்பியனுப்பினான். பிறக்கவிருக்கும் குழந்தை தந்தையையும் வாழ்வோடு பிணைக்கும் என்பதைச் சோழன் அறிந்திருந்தான். குழந்தைக்கான கடமை தாய்க்கு மட்டும் உரியதன்று.

இன்றும் பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே, நோயுற்ற மாமியாருக்கும் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் இடையே, பெண்கள் ஒவ்வொரு நாளும் எடை பார்க்கின்றனர். அவர்களைக் கொல்லிப்பாவையைப்போல மாறாதிருக்கச் சொல்வது எளிது. கோசலையிடம் காடு செல்லாதே என்று சொன்ன இராமன், அரசனைத் தேற்றும் பணியையும் அவளிடமே விட்டுச்சென்றான். நாம் அவ்வாறு விட்டுச்செல்லாமல், ஒரு கடமையை நம் தோளில் வாங்கிக்கொள்ளலாம். அவ்வாறு வாங்கிக்கொள்ளும் வீட்டில், பெண் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டிய நிலை குறையும்.

கற்பவை கற்றபின்...

1. குந்தி, மாத்திரி ஆகிய இருவருள் எவருடைய முடிவு கடினமானது? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. இராமனைப் பின்தொடர விழைந்த கோசலையின் வேண்டுகோளையும் இராமனின் மறுமொழியையும் உரையாடலாக்கி நடித்துக் காட்டுக.

3. மூதின்முல்லைத் துறையில் அமைந்த பிற புறநானூற்றுப் பாடல்களைத் தேடிப் படித்து, அவற்றில் வெளிப்படும் தாயின் மனநிலையை ஒப்பிட்டு எழுதுக.

4. உங்கள் வீட்டில் ஒரு நாளில் நிகழும் பணிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் நீங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடியவற்றைக் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.